முன் ஷாக்கில் ஆயில் ஒழுகுதா? வீட்டிலேயே சீல் மாற்றும் முழு வேலை, பைப்பிலிருந்து தொடங்கி

முன் ஷாக் ஒழுகினால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் வழக்கமாக என்ன நடக்கும்? வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவோம், சீல் (ஆயில் வெளியே வராமல் பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையம்) மாற்றி ஆயில் ஊற்றி சாயங்காலம் கையில் தருவார்கள், "இனி ஒழுகாது மக்கா" என்பார்கள், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே பக்கத்தில் அதே எண்ணெய் வளையம் திரும்பவும் வந்து நிற்கும். உடனே சீல் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் குற்றம் சீலில் இருக்காது. சீல் உரசிக்கொண்டு மேலும் கீழும் போகிற பைப்பில்தான் இருக்கும். பைப்பைப் பார்க்காமல் எத்தனை சீல் மாற்றினாலும் காசும் ஆயிலும்தான் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் பைப்புக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன், சக்கரம் கழற்றுவதற்குக் கொஞ்சம்தான்.

நம்ம ஊர் ஏன் பைப்பைத் தின்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. பைப் எஃகு, மேலே ஹார்ட் குரோம் பூச்சு. பளபளவென்று இருந்தாலும் அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெடிப்புகள் உண்டு. முட்டம், குளச்சல், மணக்குடி, சின்னமுட்டம் என்று கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில், ஆடி மாசக் காற்று உப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பைப்பில் அப்பும். அந்த உப்பு ஈரம் வெடிப்பு வழியே எஃகைத் தொட்டு உள்ளிருந்து துரு பிடிக்க வைக்கும், அப்புறம் துரு பொங்கி குரோமைச் சின்னப் புள்ளியாகத் தூக்கிவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் காற்றோடு மணல். குலசேகரம், களியல், திருவட்டாறு என்று மேற்கே போனால் ரப்பர் தோட்டத்துச் செம்மண் சகதி, அது காய்ந்து டஸ்ட் சீலின் (மெயின் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வாயில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு, ஆக வருஷத்தில் பாதி நாள் பைப் ஈரம்தான்.

இங்கே சொல்வதெல்லாம் பைப் மேலேயும் அலுமினியக் கூடு கீழேயும் இருக்கிற சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குக்கு (முன் ஷாக்கைத்தான் ஃபோர்க் என்பார்கள்). ஸ்ப்ளெண்டர், பல்சர் 150, கிளாசிக் 350 எல்லாம் இந்த வகை. டியூக் மாதிரி தலைகீழ் ஃபோர்க் இருக்கிற வண்டியைத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், அதன் உள்ளமைப்பு வேறு, கருவிகளும் வேறு.

ஒழுகுவது சீலா, வேறெங்காவதா?

பழைய சாரத் துணியை எடுத்து இரண்டு பக்கமும் பைப்பையும் பாட்டத்தையும் (கீழே இருக்கிற அலுமினியக் கூட்டை மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள்) சுத்தமாகத் துடையுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நன்றாகப் பத்துத் தடவை அழுத்தி விடுங்கள். பைப்பில் முழு வட்டமாக ஈர வளையம் விழுந்து, அதிலிருந்து பாட்டத்தின் மேல் ஆயில் வழிந்தால் சீல். லேசான ஈரப் படலம் மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சீலுக்கு உயவு வேண்டும் என்பதால் கொஞ்சம் படலம் எப்போதும் இருக்கும். டஸ்ட் சீலுக்கு மேலே சுத்தமாக இருந்து, அடியில் ஆக்சில் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் பாட்டத்தின் அடியில் இருக்கிற அலன் போல்ட்டின் செம்பு வாஷரையோ, டிரெயின் ஸ்க்ரூ இருக்கிற வண்டி என்றால் அதையோ சந்தேகப்படுங்கள். மேல் மூடியைச் சுற்றி ஈரம் என்றால் மூடியின் ஓ-ரிங். இந்த மூன்றுக்கும் சீல் மாற்றத் தேவையே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். வழிந்த ஆயில் டிஸ்க் மேலோ காலிபர் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்) மேலோ போயிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஆயில் குடித்த பேடு பிரேக் பிடிக்காது. மார்த்தாண்டம் மேம்பாலத்து இறக்கத்தில் முன் பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கழற்றுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே ஃபிலிம்

சீல் கிழியாமலேயே ஒழுகுவது உண்டு. மணல் துகள் ஒன்று சீலின் உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் அந்த இடைவெளி போதும், ஆயில் வந்துகொண்டே இருக்கும். அந்தத் துகளை வெளியே எடுத்தாலே ஒழுகல் நின்றுவிடும் வாய்ப்பு நிறைய உண்டு.

வீட்டில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கும். அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையில் பக்கவாட்டில் சின்னக் கொக்கி மாதிரி வெட்டுங்கள், மீன் தூண்டில் முள் அளவுக்கு. வெட்டிய ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். அப்புறம் சின்னத் தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியில் டேப் சுற்றி, டஸ்ட் சீலை மெதுவாக மேலே தூக்கிவிடுங்கள். அதன் அடியில் எவ்வளவு சேறு இருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் காரணம் புரியும். அதைத் துடைத்துவிட்டு, ஃபிலிமில் இரண்டு சொட்டு ஃபோர்க் ஆயில் தடவி, பைப்பை ஒட்டிக் கீழ்நோக்கி மெயின் சீலுக்குள் நுழையுங்கள். உதட்டைத் தாண்டியதும் பிடி லேசாகத் தளர்வது கையில் தெரியும். அங்கேயே வைத்துக்கொண்டு பைப்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் கொண்டுபோய் மேலே இழுங்கள். ஃபிலிமின் நுனியில் கறுப்பாக ஒரு கோடு ஒட்டியிருக்கும், விரலில் உரசினால் நறநறவென்று மணல். துடைத்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று தடவை, கோடு வராமல் போகிற வரை.

டஸ்ட் சீலைத் திரும்ப இறக்கி, பைப்பைத் துடைத்து, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். வளையம் வரவில்லை என்றால் வேலை முடிந்தது, ஆயில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டியிருக்கும். வந்தால் சீல் போய்விட்டது, தொடர்ந்து படியுங்கள்.

பைப்பைப் படிப்பது

இதுதான் முக்கியமான கட்டம், நல்ல பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். ஷாக் அமுங்கும்போது பைப்பில் எந்த அளவு வரை சீல் போகிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு மெல்லிய கேபிள் டையைப் பைப்பில் டஸ்ட் சீலை ஒட்டிக் கட்டி, வேகத்தடைகள் நிறைய இருக்கிற ரோட்டில் ஒரு சுற்று போய் வாருங்கள். கேபிள் டை எங்கே போய் நிற்கிறதோ அதற்குக் கீழே இருக்கிற பகுதிதான் சீல் ஓடும் பாதை. கிளாசிக் 350-யில் முன் ஷாக்கின் மொத்த ஓட்டம் 130 மி.மீ., ஆக நாம் கவலைப்பட வேண்டிய நீளம் ஒரு சாண் கூட இல்லை. அதற்கு மேலே இருக்கிற துரு பார்க்க அசிங்கம்தான், ஆனால் சீலுக்கு ஒன்றும் செய்யாது.

பாதைக்குள் பைப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டுங்கள். எங்கே நகம் தடுக்குகிறதோ அங்கே மார்க்கரால் வட்டம் போடுங்கள். நகத்தை நம்பாதவர்கள் பஞ்சை எடுத்து உரசலாம், நார் மாட்டிக்கொள்ளும் இடம்தான் சீலைக் கிழிக்கும் இடம். டஸ்ட் சீலுக்குச் சற்று மேலே இருக்கிற பட்டையைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள், வண்டி நிற்கும்போது வழிந்த தண்ணீர் அங்கேதான் தேங்கும், முதல் புள்ளி அனேகமாக அங்கேதான் வரும்.

மேலோட்டமான துரு என்றால், அலுமினிய ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போய்விடும். அலுமினியம் குரோமை விட மென்மையானது, அதனால் கீறல் விழாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். நகம் தடுக்கும் மேடு இருந்தால் 1500 அல்லது 2000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மேட்டை மட்டும் இறக்குங்கள். பைப்பைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும், மேலும் கீழும் தேய்த்தால் நெட்டுக்குத்தான கோடுகள் விழும், ஆயில் அந்தக் கோடுகளையே வாய்க்காலாக எடுத்துக்கொண்டு வெளியே வரும்.

குழி விழுந்திருந்தால்? ஒன்றிரண்டு ஊசிமுனைக் குழி என்றால் நிரப்பிப் பிழைக்கலாம். குழிக்குள் இருக்கிற துருவை ஊசியால் சுரண்டி, தின்னரால் துடைத்துக் காயவிட்டு, அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் பசையைக் கலந்து பல் குத்தும் குச்சியால் குழியில் வையுங்கள், லேசாக மேடாக. ஒரு நாள் முழுக்க இறுகட்டும். மறுநாள் அதே 1500 பேப்பரில் தண்ணீர் விட்டு, நகம் தடுக்காத வரை சமமாக்குங்கள். இந்த வேலையை ஃபோர்க்கைக் கழற்றிய பிறகு செய்வது வசதி, ஆனால் செய்யலாமா வேண்டாமா என்ற முடிவை இப்போதே எடுங்கள்.

புள்ளிகள் கொத்தாக இருந்தாலோ, குரோம் உரிந்து தகடாகத் தூக்கினாலோ பசையெல்லாம் வீண். புதுப் பைப் வாங்குங்கள், இல்லையென்றால் பழைய பைப்பைக் கடைந்து மறுபடியும் ஹார்ட் குரோம் போடும் இடத்தில் கொடுங்கள். நம்ம பக்கம் பலர் செலவுக்குப் பயந்து இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒரு பைப்பின் விலையைத் தள்ளிப்போட்டு, சீலும் ஆயிலும் கூலியுமாகத் திரும்பத் திரும்பக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை.

வாங்க வேண்டியது

சீல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒழுகினாலும் சரி. டஸ்ட் சீல் இரண்டு, அடி போல்ட்டுக்குச் செம்பு வாஷர் இரண்டு, மேல் மூடி ஓ-ரிங் இரண்டு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஸ்பேர் கடைகளில் வண்டி மாடலும் வருஷமும் சொன்னால் எடுத்துத் தருவார்கள், ஆனால் ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே பைப் தடிமன் மாறியிருக்கும். கிளாசிக் 350-யின் பழைய மாடலில் 35 மி.மீ. பைப், புது மாடலில் 41. அதனால் சீலின் மேல் இருக்கிற மூன்று எண்களைப் பாருங்கள், உதாரணமாக 37-50-11 என்று இருந்தால் முதல் எண் பைப்பின் தடிமன், இரண்டாவது சீல் உட்காரும் குழியின் விட்டம், மூன்றாவது உயரம். மூன்றும் பழைய சீலோடு ஒத்துப்போக வேண்டும்.

ஆயில் என்றால் ஃபோர்க் ஆயில்தான். பல வண்டிகளுக்கு 10டபிள்யூ, உங்கள் வண்டிக்கு என்ன என்பதையும் ஒரு பக்கத்துக்கு எத்தனை மில்லி என்பதையும் சர்வீஸ் மேனுவலில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினுக்கு வாங்கிய 20டபிள்யூ40 மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றுவார்கள், ஷாக் இறுகிப்போய் சின்னக் குழியெல்லாம் கைக்கு வரும். பிரேக் ஆயிலை எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள்.

கருவிகள்: ஸ்பேனர் செட், நீளமான அலன் கீ (அடி போல்ட் ஆழத்தில் இருக்கும்), லாக் பிளையர், டயர் லீவர், அளவு கோடு போட்ட குவளை, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சும் கொஞ்சம் டியூபும், ரப்பர் சுத்தியல். சீலை இறக்குவதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பிவிசி பைப், உள்ளே ஃபோர்க் பைப் தாராளமாக நுழைய வேண்டும், வெளிப்புறம் சீல் குழிக்குள் இறங்க வேண்டும். பிளம்பிங் கடைக்குப் பழைய சீலையே கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்கலாம். டார்க் ரெஞ்சு (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) யாரிடமாவது கடன் வாங்க முடிந்தால் ரொம்ப நல்லது.

கழற்றுவது

சிமெண்டுத் தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள், முற்றத்து மண்ணில் வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியென்றால் ஹேண்டில்பாரை உறுதியான உத்திரத்தில் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். கூட ஒரு ஆள் இருக்கட்டும், இது தனியாகச் செய்கிற வேலை இல்லை.

சக்கரத்தைத் தூக்குவதற்கு முன்பே மூன்று போல்ட்டை அசைத்துவிட்டால் பின்னால் பாதித் தலைவலி இல்லை. ஆக்சில் நட்டு, மேல் மூடி, அடி அலன் போல்ட். மூடியை அசைப்பதற்கு முன் மேல் பிளேட்டில் (ஹேண்டில்பாருக்கு அடியில் இரண்டு பைப்பையும் பிடிக்கும் தகடு) பைப்பை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் மூடியின் மரை நசுங்கிக்கொண்டே சுற்றும். அடி அலன் போல்ட்டை ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே கால் சுற்று அசைத்துவிடுங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் டேம்பர் ராடு (அந்த போல்ட் பிடித்திருக்கிற உள் தண்டு) சுற்றாமல் நிற்கும், ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் போல்ட்டும் ராடும் சேர்ந்தே சுற்றிக்கொண்டிருக்கும். அசைத்தால் போதும், கழற்றாதீர்கள், ஆயில் முழுக்கக் காலில் கொட்டும்.

அப்புறம் வழக்கமான வேலை. டிஸ்க் வண்டியில் காலிபரைக் கழற்றிக் கயிற்றால் ஹேண்டில்பாரில் கட்டுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள், இரண்டு பேடுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வையுங்கள், யாராவது தெரியாமல் பிரேக்கைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்றால் ஏபிஎஸ் சென்சார் இருக்கும், அதன் ஒயரை இழுக்காமல் பத்திரமாக ஒதுக்குங்கள். டிரம் வண்டியில் பிரேக் கேபிள், ஸ்பீடோ கேபிள். சக்கரம், மட்கார்டு. கழற்றுகிற போல்ட்டுகளை இடம் வாரியாகத் தனித்தனிச் சிரட்டையில் போட்டுவிட்டால் கடைசியில் ஒன்று மிச்சம் விழாது.

மேல் பிளேட்டுக்கு மேலே பைப் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு, கீழ் டீயின் (மேல் பிளேட்டுக்குக் கீழே இரண்டு பைப்பையும் பிடிக்கும் பாகம்) போல்ட்டைத் தளர்த்தி, பைப்பைத் திருகித் திருகிக் கீழே இழுங்கள். சில வண்டிகளில் மேல் மூடி போல்ட்டே பைப்பை மேல் பிளேட்டோடு பிடித்திருக்கும், அப்படியென்றால் அதைக் கழற்றினால்தான் பைப் இறங்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள், ஒன்றை முடித்துவிட்டு மற்றதை எடுங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு முழு மாதிரி பக்கத்திலேயே இருக்கும்.

பிரித்துப் பார்ப்பது

மூடியைக் கழற்றும்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி மரையில் ஸ்பிரிங் மூடியைத் தள்ளும். உள்ளே இருந்து வருகிற குழல், வாஷர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்குங்கள். ஸ்பிரிங்கில் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருந்தால் அது மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஆயிலைக் குவளையில் கவிழ்த்து, பைப்பை மேலும் கீழும் அசைத்து முழுக்க வடியவிடுங்கள். வடிந்த ஆயில் எத்தனை மில்லி என்றும் பாருங்கள், இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியும். பால் கலந்த டீ மாதிரி நிறம் மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சாம்பல் நிறமாக, வெயிலில் மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்கிறது.

இப்போது அடி அலன் போல்ட்டைக் கழற்றுங்கள். ராடு சுற்றினால், முனையைச் சீவிய நீளமான மரக்கம்பை மேலிருந்து பைப்புக்குள் விட்டு ராடின் தலையில் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், கூட ஆள் வேண்டும் என்றது இதற்கும்தான். பேட்டரி இம்பாக்ட் கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நொடி வேலை. போல்ட் வந்ததும் டஸ்ட் சீலை நெம்பி எடுத்து, அதன் கீழே இருக்கிற வளைய லாக்கைக் கழற்றுங்கள். துரு பிடித்த லாக் துள்ளும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

சீலை எடுக்க இரண்டு வழி. பைப்பில் புஷ் (பைப் ஆடாமல் சறுக்க உதவும் உலோக வளையம்) இருக்கிற ஃபோர்க்கில், பைப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெடுக்கென்று வெளியே இழுத்தால், நாலைந்து இழுப்பில் புஷ், வாஷர், சீல் எல்லாம் பைப்போடு சேர்ந்து வந்துவிடும். புஷ் இல்லாத சில சிறிய வண்டிகளில் பைப் மட்டும் கழன்று வரும், சீல் பாட்டத்திலேயே நிற்கும். அதை டயர் லீவரால் நெம்ப வேண்டும். அலுமினிய விளிம்பில் மடித்த துணியோ சின்ன மரத்துண்டோ வைத்து, அதன் மேல் லீவரை ஊன்றுங்கள். வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், கொதிக்கும் தண்ணீரில் துணியை நனைத்துப் பாட்டத்தின் வாயைச் சுற்றிக் கட்டி இரண்டு மூன்று நிமிஷம் விடுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு தடவை. அலுமினியம் விரிந்து சீலை விட்டுக்கொடுக்கும். சீல் உட்கார்ந்த குழியில் கீறல் விழுந்தால் புதுச் சீலின் வெளிப்புறமாக ஆயில் வரும், அது பைப் குழியை விடப் பெரிய தொந்தரவு.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். பாட்டத்தின் அடியில் கறுப்புக் களிம்பு படிந்திருக்கும், குச்சியில் துணி சுற்றி முழுக்க எடுங்கள். புஷ்ஷின் மேல் சாம்பல் நிற டெஃப்லான் பூச்சு இருக்கும், முக்கால்வாசிப் பரப்பில் அது தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் புது புஷ் போடுங்கள். ஆட்டம் இருக்கிற புஷ்ஷோடு பைப் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், எவ்வளவு நல்ல சீலும் தாங்காது. வண்டி எப்போதாவது முன்பக்கம் மோதியிருந்தால் பைப் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தடித்த கண்ணாடி மேல் உருட்டினால் பெரிய வளைவு தெரியும், சின்ன வளைவுக்கு லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல மேனுவல்களில் அனுமதி 0.2 மி.மீ.தான்.

புதுச் சீல்

கை கழுவிவிட்டு வாருங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு மணல் துகள் போதும், இவ்வளவு வேலையும் வீண்.

பைப்பையும் டேம்பர் ராடையும் முதலில் பாட்டத்துக்குள் இறக்கி, அடி போல்ட்டைப் புதுச் செம்பு வாஷரோடு, மரையில் ஒரு சொட்டு நீல லாக் பசை வைத்து மாட்டுங்கள். இறுக்கம் பல வண்டிகளில் 20 நியூட்டன் மீட்டர் சுற்றில் இருக்கும், உங்கள் மேனுவல் சொல்வதே கணக்கு. ராடு சுற்றினால் ஸ்பிரிங்கையும் மூடியையும் தற்காலிகமாகப் போட்டு, ஃபோர்க்கை அமுக்கிப் பிடித்து இறுக்குங்கள்.

பைப்பின் மேல் முனை கூர்மையாக இருக்கும், சீலின் உதடு அதில் உரசினால் போட்ட அன்றே கிழியும். ஒரு மெல்லிய பாலிதீன் கவரை அந்த முனையில் மாட்டி இழுத்துப் பிடித்து, மேலே ஃபோர்க் ஆயில் தடவுங்கள். இருந்தால் முதலில் புஷ், அப்புறம் வாஷர், அப்புறம் சீல். சீலைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கத்தில் உதட்டைச் சுற்றி மெல்லிய சுருள் ஸ்பிரிங் தெரியும், அது கீழே ஆயிலைப் பார்க்க வேண்டும். எண் எழுதிய பக்கம் மேலே. உதட்டில் ஆயில் தடவி, கவரின் மேல் வழுக்கி இறக்கிவிட்டு, கவரை உருவி எடுங்கள்.

சீல் குழியின் வாயில் நேராக உட்கார்ந்ததும், பழைய சீலை ஒரு இடத்தில் வெட்டித் திறந்து புதுச் சீலின் மேல் வையுங்கள். அதன் மேல் பிவிசி பைப்பை வைத்து டொக் டொக்கென்று சமமாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே நிறுத்தி, எதிர்ப்பக்கம் தட்டிச் சமப்படுத்துங்கள். முழுக்க இறங்கியதும் சத்தம் மாறும், மந்தமாக இருந்தது கெட்டியாகக் கேட்கும். பழைய சீலை எடுத்துவிட்டு லாக் உட்காரும் பள்ளம் சுற்றிலும் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் சீல் இன்னும் இறங்கவில்லை. லாக்கைப் போட்டு, ஒவ்வொரு இடமாக அழுத்தி அது பள்ளத்தில் உட்கார்ந்ததை உறுதி செய்து, டஸ்ட் சீலைக் கையாலேயே அழுத்தி மாட்டுங்கள். துருப் பிடித்த பழைய லாக்கைத் திரும்பப் போடாதீர்கள்.

ஆயில், மில்லி கணக்கில்

"கொஞ்சம் கூட ஊற்றினால் ஷாக் கெட்டியாக நிற்கும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். ஆயிலுக்கு மேலே இருக்கிற காற்றுக்கும் ஃபோர்க்கில் வேலை உண்டு. ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், பெரிய குழியில் ஷாக் முழுக்க அமுங்கும்போது அந்தக் காற்றின் அழுத்தம் ஏறி புதுச் சீலையே வெளியே தள்ளிவிடும். புதுச் சீல் போட்ட வாரமே ஒழுகுகிற வண்டிகளில் இதுவும் ஒரு காரணம்.

மேனுவலில் சொன்ன அளவைக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். சிலவற்றில் இரண்டு அளவு போட்டிருப்பார்கள், முழுக்கப் பிரித்துக் கழுவிய பிறகு ஒன்று, வெறுமனே வடித்து ஊற்றினால் அதைவிடக் குறைவாக ஒன்று. நமக்கு முதல் அளவு. ஊற்றியதும் பைப்பை மெதுவாக மேலும் கீழும் பத்துப் பதினைந்து தடவை அசைத்து, கொப்புளச் சத்தம் அடங்குகிற வரை காற்றை வெளியேற்றி, ஐந்து நிமிஷம் நேராக நிறுத்தி வையுங்கள். மேனுவலில் மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் எவ்வளவு ஆழம் என்று கொடுத்திருந்தால் அதுதான் மிகச் சரியான அளவு. ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை முழுக்க உள்ளே தள்ளி அளக்க வேண்டும். சிரிஞ்சின் டியூபில் அந்த ஆழத்துக்கு ஒரு டேப் அடையாளம் போட்டு உள்ளே விட்டு உறிஞ்சினால் மேலே இருக்கிற அதிக ஆயில் மட்டும் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருப்பது முக்கியம்.

பைப்பை மேலே இழுத்து, ஸ்பிரிங், வாஷர், குழல், புது ஓ-ரிங்கோடு மூடி. மூடியைக் கையால் அழுத்திக்கொண்டே மரை பிடிக்க வையுங்கள், குறுக்கு மரை ஏறினால் மூடியும் போகும் பைப்பும் போகும்.

திரும்ப மாட்டுவது

முன்பு எழுதிய உயரத்துக்குப் பைப்பை ஏற்றி, கீழ் டீயை இறுக்கி, அப்புறம் மூடி, கடைசியில் மேல் பிளேட். மட்கார்டு போல்ட்டுகளைக் கையளவில் மட்டும் விட்டு, சக்கரத்தை மாட்டுங்கள். அடுத்தது பலரும் விட்டுவிடுகிற வேலை: ஆக்சில் நட்டை இறுக்கிய பிறகு, ஆக்சிலைப் பாட்டத்தோடு கவ்வும் பிஞ்ச் போல்ட் உங்கள் வண்டியில் இருந்தால் அதை இறுக்காமல், வண்டியைத் தரையில் இறக்கி முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து தடவை நன்றாக அழுத்துங்கள். இரண்டு காலும் தாமாக ஒன்றுக்கொன்று நேராக வந்து நிற்கும். அதற்குப் பிறகு பிஞ்ச் போல்ட், மட்கார்டு போல்ட் எல்லாம். இதைச் செய்யாவிட்டால் ஒரு கால் சற்றே திருகி நின்று, பைப் சீலை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டு ஓடும்.

பேடில் ஆயில் பட்டிருந்தால் கழுவி உலர்த்திப் போடலாம் என்று நினைக்க வேண்டாம், புதுசு வாங்குங்கள். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள். காலிபரை மாட்டியதும் லீவர் கெட்டியாகிற வரை பம்ப் செய்யுங்கள், முதல் பிடிப்பில் லீவர் வெறுமனே கைப்பிடி வரை போகும், அதை ரோட்டில் கண்டுபிடிக்கக் கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி கேபிள், ஹோஸ், சென்சார் ஒயர் எதுவும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று. அப்புறம் 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை இறுக்கம் பாருங்கள், பைப்பையும் பாருங்கள். சீல் போடும்போது தடவிய ஆயில் முதல் நாள் லேசாக வெளியே வரும், துடைத்த பிறகும் வளையம் விழுந்தால்தான் யோசிக்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை ஓடையிலோ குளத்துக்கரையிலோ தென்னை மூட்டிலோ ஊற்றாதீர்கள். பாட்டிலில் அடைத்து, பழைய என்ஜின் ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

இனி பராமரிப்பு, ரொம்பச் சின்ன வேலை. கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒரு தடவை பைப்பை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் ஒரு சொட்டு ஃபோர்க் ஆயிலையோ சிலிக்கான் ஸ்ப்ரேயையோ மெல்லிசாகத் தடவி, அதிகமாக இருப்பதைத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் விடும்போது டஸ்ட் சீலுக்கு நேராகப் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ரப்பர் பூட் (பைப்பை மூடும் மடிப்பு ரப்பர் உறை) மாட்டிக்கொள்வது மணலுக்கும் செம்மண்ணுக்கும் நல்ல தடுப்பு, ஆனால் உள்ளே போன ஈரம் அங்கேயே தங்கும், அதனால் மாசம் ஒரு தடவை பூட்டைத் தூக்கிப் பைப்பைத் துடைத்து, துருப் புள்ளி எதுவும் புதிதாக வந்திருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு இறக்கிவிடுங்கள்.